பத்து லிட்டர் பெட்டியும் கத்திரி வெயிலும்

போன வருடம் வைகாசி முதல் வாரம். கத்திரி இன்னும் முடியவில்லை. காலையில் முகூர்த்தம், அன்று மாலையே வரவேற்பு. காலையில் எடுத்ததை வெட்டி ஒட்டி, கலர் பார்த்து, மாலையில் மேடைக்குப் பக்கத்து எல்இடி திரையில் நாலைந்து நிமிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ஸ்பாட் எடிட்டிங் என்று பெயர். எனக்குக் கொடுத்த இடம் மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் அடுக்கி வைக்கும் அறை. ஏசி எல்லாம் மேடைப் பக்கம்தான்.

5:40 மணிக்குக் கரண்ட் போனது. வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோ ஃபைலாக மாற்றும் எக்ஸ்போர்ட் முக்கால்வாசி முடிந்திருந்தது. ஜெனரேட்டர் போட பத்து செகண்டு ஆகும், அதுவரை யுபிஎஸ் தாங்கும் என்று நிதானமாகத்தான் இருந்தேன். யுபிஎஸ் விட்டு விட்டுக் கத்தாமல் ஒரே மூச்சில் நீளமாகக் கத்தியது. பிறகு அமைதி. திரை கறுப்பு. ஜெனரேட்டர் வந்து, என் கம்ப்யூட்டர் பெட்டியை மறுபடி எழுப்பி, எக்ஸ்போர்ட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மூன்று தடவை வந்து, "தம்பி, ரெடிங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை குரலில் 'ங்க' இல்லை.

அந்த யுபிஎஸ் 600 விஏ. அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது அந்த எண்தான். உண்மையில் அது தரக்கூடியது 360 வாட் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. அன்று இரவு வீட்டுக்கு வந்து, சுவரில் செருகும் பவர் மீட்டரை இடையில் போட்டு, அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டிப் பார்த்தேன். 410 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. யுபிஎஸ் மேல் எந்தத் தப்பும் இல்லை. இரண்டு பேர் உட்காரும் வண்டியில் மூன்று பேரை ஏற்றியது நான்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 10 லிட்டர் கேபினட். தோளில் மாட்டும் பையில் போட்டு ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு போகலாம். உள்ளே 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் கார்டு அதன் முதுகுப் பக்கம், நடுவில் ஒரு தகடு. இரண்டையும் ரைசர் கேபிள் இணைக்கிறது. ப்ராசஸர் ரைசன் 7 7700எக்ஸ், கார்டு ஆர்டிஎக்ஸ் 4070. ப்ராசஸர் மேல் ஃபேனோடு சேர்த்து 37 மி.மீ. உயரமுள்ள கூலர். அன்றைக்குக் கடையில் இருந்தது அதுதான். இதற்கு முன் லேப்டாப்பில் இதே வேலையைச் செய்தேன். அது படுத்திய பாடு தனிக் கதை, அதை விட்டுவிடுவோம்.

வாங்கும்போது நான் பார்த்தது வேகத்தை மட்டும்தான். வேகச் சோதனையில் எந்தப் ப்ராசஸர் எத்தனை மார்க், எந்தக் கார்டு எத்தனை மார்க். எத்தனை வாட் என்பதைக் கரண்ட் பில்லுக்கான சங்கதி என்று நினைத்திருந்தேன். சின்னப் பெட்டி கட்டுகிறவன் முதலில் போட வேண்டிய கணக்கு வாட் கணக்குத்தான். இந்தப் பெட்டியால் எத்தனை வாட் சூட்டை வெளியே தள்ள முடியும், போகிற இடத்தில் எத்தனை வாட் கிடைக்கும் என்று முடிவு செய்துகொண்டு, அதற்குள் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. 7700எக்ஸின் டிடிபி, அதாவது கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டின் அளவு, 105 வாட் என்று போட்டிருக்கும். (அச்சகத்து டிடிபி இல்லை, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது.) அது இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு அந்த எண் இல்லை. அந்த வரம்புக்கு பிபிடி என்று பெயர். டிடிபியைப் போல 1.35 மடங்கு, அதாவது 142 வாட். 65 வாட் என்று விற்கிற 7600, 7700 எல்லாம் 88 வாட் வரை போகும். இன்டெல்லில் இதைவிட இடைவெளி பெரிது. ஐ5-12400-க்கு 65 வாட் என்பது நீண்ட நேர ஓட்டத்துக்கு. சிறிது நேரத்துக்கு 117 வாட் வரை அனுமதி. அந்தச் 'சிறிது நேரம்' எவ்வளவு என்பதை மதர்போர்டு தீர்மானிக்கிறது. சில போர்டுகள் வரம்பே வேண்டாம் என்று அவிழ்த்துவிட்டிருக்கும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பிஎல்1, பிஎல்2 என்ற இடத்தில், அதாவது நீண்ட நேர, சிறிது நேர வரம்புகளில், 4095 வாட் என்று இருந்தால் அதுதான் அர்த்தம். சின்னப் பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்தால் முதல் வேலையாக மாற்றுங்கள்.

சரி, சூட்டுக்கு வருகிறேன். என் அறை மாடியில், மேலே சிமெண்ட் ஷீட். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மேஜை மேல் வைத்த தெர்மாமீட்டர் 38 காட்டும். இரவு பதினொரு மணிக்கு 31. இந்த ஏழு டிகிரி வித்தியாசத்தை நான் ஒரு பொருட்டாகவே எடுத்திருக்கவில்லை. ஒரே புராஜெக்டை, 8 நிமிட டைம்லைன், நாய்ஸ் ரிடக்‌ஷனோடு, இரண்டு நேரத்திலும் எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன். இரவில் 19 நிமிடம் 10 செகண்டு. மதியம் 22 நிமிடம் 40 செகண்டு. அதே மெஷின், அதே ஃபைல். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு வெயில் நேரத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணா, அது 95 வரைக்கும் போற மாதிரிதாங்ணா டிசைன் பண்ணிருக்காங்க, ஒண்ணும் ஆகாதுங்ணா" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. ஏஎம்டியே அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சில்லு 95-ஐத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்து அங்கேயே நிற்கும். உடைந்துவிடாது. ஆனால் அப்போது என் வேகத்தைத் தீர்மானிப்பது வெயிலும் தூசியும், அந்த அறையில் யாராவது ஜன்னல் திறந்தார்களா என்பதும்தான். எக்ஸ்போர்ட் எத்தனை நிமிடத்தில் முடியும் என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாத நிலை. சூடான சில்லில் மின்கசிவும் கூடும். அதனால் 95 டிகிரியில் ஓடும்போது, அதே வேலைக்கு 80 டிகிரியில் ஆவதைவிடக் கொஞ்சம் அதிக வாட் செலவாகிறது. சூடு சூட்டைக் கூட்டுகிற கதை.

விமர்சனங்களில் 'இந்தக் கூலர் 78 டிகிரியில் நிறுத்துகிறது' என்று பார்த்தால், அவர்கள் அறையின் சூடு எவ்வளவு என்று தேடுங்கள். பெரும்பாலும் 21, 22 என்று இருக்கும். நம் அறை 38 என்றால் அந்த 78-உடன் 16-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 94. அவ்வளவுதான் கணக்கு. கூலரால் ப்ராசஸரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அது எனக்கே கொஞ்சம் அதிர்ச்சி. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1.2 ஜூல் போல ஆகும். பெட்டிக்குள் 300 வாட் சூடு உண்டாகிறது, வெளியே வரும் காற்று அறையைவிட 10 டிகிரி மட்டும் அதிகமாக இருக்கலாம் என்றால், ஒரு செகண்டுக்கு 25 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். என் பெட்டியே 10 லிட்டர். அதாவது செகண்டுக்கு இரண்டரை தடவை பெட்டிக் காற்று முழுவதும் மாற வேண்டும். பெரிய கேபினட்டில் ஃபேன் கொஞ்சம் சோம்பேறித்தனமாக ஓடினாலும் தெரியாது. இங்கே ஓட்டையில் பாதி அடைபட்டாலும் தெரிந்துவிடும்.

அடைபடவும் செய்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் நிட்டிங் யூனிட். திருப்பூரில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஜன்னல் கம்பியைத் தடவினால் பஞ்சு ஒட்டும். கூலரைக் கழற்றினேன். ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிற விரிப்பு. நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன், வட்டமாக அப்படியே உரிந்து வந்தது, தோசைக்கல்லில் இருந்து தோசை வருகிற மாதிரி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. இத்தனைக்கும் பெட்டி வாங்கி ஏழு மாதம்தான். ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருந்தது, சத்தமும் நன்றாகத்தான் வந்தது. காற்று மட்டும் போகவில்லை. ப்ளோயரால் மேலிருந்து ஊதினால் அந்த விரிப்பு இன்னும் உள்ளே அமுங்கும். ஃபேனைக் கழற்றி, அடிப்பக்கம் இருந்து மேல்நோக்கி ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிடாதீர்கள்.

தூசி வராமல் இருக்க ஒரு அதிபுத்திசாலித்தனம் செய்தேன். வீட்டில் கிடந்த சிங்கிள் ஜெர்சி பனியன் துணியைச் சன்னமாக இழுத்து, பக்கவாட்டு வலைக்கு உள்ளே ஒட்டினேன். பஞ்சு நின்றது. காற்றும் நின்றது. பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்தேன். இப்போது இருப்பது கடையில் விற்கிற நைலான் வலை ஃபில்டர். அதனாலும் இரண்டு மூன்று டிகிரி கூடுகிறது. எங்கள் ஊரில் அந்த இரண்டு டிகிரியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தூசி இல்லாத ஊரில் இருப்பவர்கள் ஃபில்டரே போடாமல், மாதம் ஒரு முறை ஊதிவிட்டால் போதும் என்பது என் கணிப்பு.

பஞ்சை எடுத்ததும் மதிய நேரம் 22:40-லிருந்து 21:30-க்கு வந்தது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டையும் மாற்றினேன், அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிஜமான வித்தியாசம் பயாஸில் காத்துக்கொண்டிருந்தது.

ஈகோ மோட் என்று வாட்டைக் குறைக்கும் ஒரு வசதி. 7700எக்ஸை 65 வாட் வகுப்புக்கு இறக்கினால் பிபிடி 142-லிருந்து 88-க்கு வரும். பாதிக்குக் கொஞ்சம் மேல். வேகமும் அந்த அளவு குறைந்துவிடும் என்று பயந்துகொண்டே போட்டேன். ப்ராசஸர் வேகத்துக்கு மார்க் போடும் சினிபெஞ்ச் ஆர்23 நிரலைப் பத்து நிமிடம் ஓட்டினேன். முன்பு என் பெட்டிக்குள் 18,300 வந்தது; இப்போது 18,100. சூடு 95-லிருந்து 88-க்கு இறங்கியிருந்தது. இரண்டு தடவை பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மாற்றம் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று.

காரணம் பிற்பாடுதான் உறைத்தது. சில்லு இழுக்கும் வாட், வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். வோல்டேஜ் வர்க்கமாகக் கணக்கில் வருகிறது. இரண்டையும் பத்து சதவீதம் ஏற்றினால் வாட் 33 சதவீதம் ஏறும். பனியன் மூட்டை ஏற்றிய எக்ஸ்எல் வண்டியை முழு ஆக்சிலேட்டரில் முறுக்குகிற மாதிரி. கூடுதலாகக் கிடைப்பது ஐந்து கிலோமீட்டர் வேகம், குடிக்கிற பெட்ரோல் வேறு கணக்கு. அந்தக் கடைசி முறுக்கைத்தான் தயாரிப்பாளர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே போட்டுக் கொடுக்கிறார்கள், மார்க் பட்டியலில் மேலே தெரிய வேண்டுமே. அதோடு என் 37 மி.மீ. கூலரால் 142 வாட்டை எப்படியும் தாங்க முடியவில்லை. 95 டிகிரியில் முட்டி, நூறு வாட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறது. இல்லாத 40 வாட்டைத்தான் நான் 'குறைத்தேன்'.

ஆசை விடவில்லை. கர்வ் ஆப்டிமைசர் என்ற இடத்தில் எல்லாக் கோருக்கும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவுகள்) மைனஸ் 30 போட்டேன். ஒவ்வொரு வேகத்துக்கும் கொடுக்கும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கும் வேலை அது. இரண்டு மணி நேரம் முழுப் பாரத்தில் ஓட்டினேன், அசையவில்லை. வெற்றி என்று தூங்கப் போனேன். மறுநாள் காலையில், எந்த வேலையும் இல்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ரீஸ்டார்ட் ஆனது. இதில் பலர் ஏமாறுகிற இடம் இதுதான். வோல்டேஜைக் குறைத்தால் முழுப் பாரத்தில் தாங்கும்; லேசான வேலையில், ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் விழும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் பார்த்தால் டபிள்யூஹெச்இஏ என்று ஹார்டுவேர் பிழை பதிவாகியிருக்கும். கோர்சைக்ளர் என்ற இலவச நிரல் ஒவ்வொரு கோராகச் சோதிக்கிறது. ஒரு இரவு அதை ஓடவிட்டுத்தான் நம்ப வேண்டும். என் சில்லுக்கு மைனஸ் 15 தான் நிலைத்தது. பிபிடியை 75-க்கு இறக்கினேன். மார்க் 17,900. சூடு, மதியத்திலும் 82. 61 வாட் வரை இறக்கிப் பார்த்தபோது 16,400. அங்கேதான் இழப்பு உறைக்க ஆரம்பித்தது. 75-லேயே நிறுத்திக்கொண்டேன்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இதே பாடம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். 4070-இன் வரம்பு 200 வாட். கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் நிரலில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இழுத்தால் 140. எக்ஸ்போர்ட்டில் நான் இழந்தது நிமிடக் கணக்கே இல்லை, செகண்டுகள். ஃபேன் சத்தம் பாதியானது. கொஞ்சம் பொறுமை இருந்தால் வோல்டேஜ் கர்வைத் திறந்து 0.95 வோல்ட்டில் 2,550 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தலாம்; நான் அதுவும் செய்திருக்கிறேன். ஸ்லைடரை மட்டும் இழுத்தாலே பலனில் பெரும்பகுதி வந்துவிடும். கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாக அமலாகும் டிக்கைப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

எல்லாம் முடிந்தபின் அதே 8 நிமிட டைம்லைன்: இரவில் 20 நிமிடம் 15 செகண்டு, மதியம் 20 நிமிடம் 20 செகண்டு. இரவில் ஒரு நிமிடம் கொடுத்து, மதியத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வாங்கியிருக்கிறேன். எனக்கு அதைவிட முக்கியம் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது. இப்போது மண்டபத்தில் "எத்தனை நேரமாகும்?" என்று கேட்டால் கையில் வாட்சைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. வாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கிய இத்தனை நாளில், வேலையையே குறைக்கலாம் என்று தோன்றவில்லை. என் கேமரா 10 பிட், 4:2:2 (கலர் விவரம் அதிகம் வைத்திருக்கும் வகை), ஹெச்.265-இல் பதிகிறது. 4070 அந்த வகையை ஹார்டுவேரில் டிகோட் செய்வதில்லை (பிரித்துப் படிப்பதில்லை). அந்தப் பாரம் முழுவதும் ப்ராசஸர் தலையில் விழுகிறது. இன்டெல் ப்ராசஸரின் உள்கிராஃபிக்ஸில் வரும் குவிக்சிங்க் அதைச் செய்கிறது. விவரம் தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பேன். ஸ்பாட் எடிட்டிங்குக்கான ஷாட்டுகளை மட்டும் கலர் விவரம் குறைந்த 4:2:0-இல் எடுக்க ஆரம்பித்தேன். எல்இடி திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ப்ராசஸர் 50 வாட்டிலேயே வேலையை முடிக்கிறது. எந்தக் கூலர் வாங்கினாலும் கிடைக்காத பலன் இது.

சின்னச் சின்ன வேலைகளில் ஒன்று பெரிதாகக் கை கொடுத்தது. கூலர் 37 மி.மீ., கேபினட்டில் இடம் 48 மி.மீ. ஃபேனுக்கும் பக்கவாட்டு வலைக்கும் நடுவில் 11 மி.மீ. சந்து. அந்தச் சந்து வழியாக ஃபேன், பெட்டிக்குள் ஏற்கெனவே சூடான காற்றையே இழுத்துச் சுற்றவைக்கிறது. இதற்கென்றே வளையம் விற்கிறார்கள். நான் ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் கிராஃப்டுக்கு வாங்குகிற ஃபோம் ஷீட்டை வாங்கி, ஃபேன் அளவுக்கு ஓட்டை போட்டு, மூன்று நான்கு அடுக்கு ஒட்டிச் சந்தை அடைத்தேன். நான்கு டிகிரி இறங்கியது. செலவு ஒரு டீ, வடை. பிங்க் கலர்தான் இருந்தது, மூடிவிட்டால் தெரியாது.

ஃபேன் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சைக்கிளுக்குக் காற்று அடிப்பது போல வருகிறது என்றால் ஃபேன் ரிப்பேர் இல்லை. இந்தச் சில்லுகளின் சூடு ஒரு செகண்டில் இருபது டிகிரி தாவும். ஃபேன் அதைத் துரத்துகிறது. பயாஸில் ஃபேன் ஸ்டெப் அப் நேரத்தை ஐந்தாறு செகண்டுக்கு ஏற்றினால் அடங்கிவிடும்.

எஸ்எஸ்டியை மறந்துவிடாதீர்கள். என் போர்டில் எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 இடம் முதுகுப் பக்கம், காற்றே போகாத மூலை. கேமரா கார்டிலிருந்து 200 ஜிபி இறக்கினால் பாதியில் வேகம் படுத்துவிடும். பார்த்தால் 80 டிகிரி. அதற்கும் நடுத்தகட்டுக்கும் நடுவில் தெர்மல் பேட் வைத்து, தகட்டையே ஹீட் சிங்க் ஆக்கினேன். இப்போது 66-ஐத் தாண்டுவதில்லை.

என் மச்சான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். அங்கே ஒரு லிட்டர் அளவுள்ள குட்டி டெஸ்க்டாப், மானிட்டர் முதுகில் மாட்டியிருக்கும் வகை. உள்ளே ஐ5-12500டி. அதற்கு 35 வாட், சிறிது நேரத்துக்கு 74 வாட். "மாமா, ஆரம்பிக்கும்போது பறக்குது, அப்புறம் படுத்துக்குது, வைரஸா?" என்று கேட்டான். வைரஸ் இல்லை, அதன் சுபாவமே அப்படி. முதல் அரை நிமிடம் 74-இல் ஓடும், பிறகு 35-க்கு இறங்கும். எக்ஸெல், டேலிக்கு அந்த அரை நிமிடமே தாராளம். அவன் அதில் வீடியோ கன்வெர்ட் செய்துகொண்டிருந்தான். அந்தப் பெட்டியை வாங்குமுன் அரை மணி நேர வேலையை ஓட்டிப் பார்க்காமல், இரண்டு நிமிடச் சோதனை மார்க்கை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

யுபிஎஸ்ஸுக்குத் திரும்புகிறேன். புதிய கணக்கில் சுவரிலிருந்து இழுப்பது 290 வாட்டைத் தாண்டவில்லை. வீட்டில் எக்ஸ்போர்ட் ஓடும்போதே யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினேன். பீப், பீப் என்று விட்டு விட்டுக் கத்தியது, எக்ஸ்போர்ட் நிற்கவில்லை. ஐந்து தடவை பிடுங்கினேன். பெரிய யுபிஎஸ் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். எடை இரண்டு மடங்கு. சின்னப் பெட்டி கட்டியதன் நோக்கமே போய்விடும். பாரம் குறைந்ததில் இன்னொரு லாபம்: யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் சில மில்லி செகண்டுகளை, பெட்டிக்குள் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தில்தான் கடக்கிறது. இழுப்பு குறைவென்றால் அது கூடுதல் நேரம் தாங்கும். சில எஸ்எம்பிஎஸ்கள் யுபிஎஸ்ஸின் படிக்கட்டு அலையோடு ஒத்துப்போகாது. வாட் சரியாக இருந்தும் அணைந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் அந்தப் பிரச்சினைக்கு மருந்து.

ஆவணியில் ஒரு மண்டபத்தில் திடீரென்று சூடு ஏறியது. கணக்கெல்லாம் சரி, ஃபில்டரும் சுத்தம். குனிந்து பார்த்தால், மேஜைக்குப் போட்டிருந்த சாட்டின் விரிப்பைப் பெட்டியின் அடிப்பக்கம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. துணி ஓட்டையோடு ஒட்டி, குழிந்து நின்றது. சமையல்காரரிடம் கேட்டு இரண்டு வடைத்தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பெட்டியை வைத்தேன். இப்போது பையில் நான்கு ரப்பர் கால்களும் ஒரு மரப்பலகையும் எப்போதும் இருக்கும்.

பயாஸ் அப்டேட் செய்தால் இந்த அமைப்புகள் எல்லாம் பழையபடி போய்விடும். எனக்கு ஒரு தடவை போய், ஃபேன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அதனால் பக்கவாட்டு மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: பிபிடி 75, கர்வ் மைனஸ் 15, கார்டு 70, ஃபேன் 5 செகண்டு. கீழே ஊதிய தேதிகள். கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. தை முகூர்த்தத்துக்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.